தொடர்புக்குக் கொடுத்த நம்பர்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்றால் போனைப் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். கப்பல் பட்டறையில் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. தியேட்டர் நாற்காலிகளுக்கு ரெக்சின் மாற்றும் ஆர்டர் பாதி முடிந்துவிட்டது. பழைய பஞ்சைப் பிரித்தால் தும்மல்தான் தாங்கவில்லை. நாற்காலி இடுக்குகளில் கிடைத்த சீப்புகளையெல்லாம் மகள் சேர்த்து வைத்திருக்கிறாள், அப்பா வந்ததும் கொடுப்பாளாம். அப்பா தலையில் சீப்புக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

கடை அறையை அதன் உரிமையாளர் விற்கப் போகிறார். "நீங்க வாங்கிக்கறதா இருந்தா ரெண்டு மாசம் வேற யாருகிட்டயும் பேசமாட்டேன்" என்றார். இத்தனை வருடம் விரலில் ஊசி ஏற்றிச் சேர்த்த வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? கடன் கேட்டு வங்கிக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி என் கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "பைக் லோன் தவணை நின்னு போயிருக்கே, ஸ்கோர் ரொம்பக் கீழ இருக்கு" என்றார். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. தவறாமல் கட்டி வரும் பிரிட்ஜ் கடன் ஒன்றும் என் பேரில் இருந்தது. பைக் உங்கள் தம்பியுடையது, பிரிட்ஜ் உங்கள் தங்கையுடையது. உங்கள் குடும்பத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பால்காரரிலிருந்து பள்ளிக்கூடம் வரை யார் கேட்டாலும் என் நம்பரைத்தான் கொடுப்பீர்கள், நாள் முழுக்கக் கடையில் இருப்பவள் நான்தானே, எடுப்பவளும் நான்தான். ஒரே நிதி நிறுவனத்தில் அவர்கள் இருவரும் கடன் வாங்கியபோது, தொடர்புக்கு என்று என் நம்பரும் அடையாள அட்டை நகலும் போயிருக்கின்றன. அங்கிருந்த ஆள் என்னையே கடன்காரியாகப் பதிந்துவிட்டான்.

போனில் இதைச் சொன்னபோது, புகார் செய்தால் ஸ்கோர் இன்னும் இறங்கும், குடும்ப மானம் தெருவுக்கு வரும், பேசாமல் தவணையைக் கட்டிவிடு என்றீர்கள். மானத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். ஸ்கோரைப் பற்றி அந்த அதிகாரியிடமே கேட்டேன். புகார் கொடுத்ததற்காக ஒரு புள்ளிகூடக் குறையாதாம். திருத்திய பிறகு அறிக்கையில் என்ன மிஞ்சுகிறதோ அதைப் பொறுத்துத்தான் ஏறுவதும் இறங்குவதும். விசாரணை முடியும்வரை வங்கி முடிவு சொல்லாமல் காத்திருக்கும், அவ்வளவுதான். பைக் கடனை மட்டும் நீக்கச் சொல்லிப் புகார் எழுதி வைத்தேன்.

உங்கள் தம்பி கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். ஸ்பிரிங் போன நாற்காலிதான் காலியாக இருந்தது. "என்னோடதை மட்டும் தூக்கறீங்க, அக்காவோடது ஸ்கோரை ஏத்துதுன்னு வச்சுக்கறீங்க, இது என்ன நியாயம் அண்ணி?" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் நியாயமான பேச்சு அது. அன்றே இரண்டையும் சேர்த்துப் புகார் கொடுத்தேன். பிரிட்ஜ் கடன் போனால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம் என்று அதிகாரி எச்சரித்தார். இறங்கட்டும். உங்கள் தங்கை ஒழுங்காகக் கட்டிச் சம்பாதித்த பெயர் அவளுக்குத்தான் சேர வேண்டும்.

என் கிரெடிட் கார்டுக்கு நான் ஒருமுறை தாமதமாகக் கட்டியதும் அறிக்கையில் இருக்கிறது. அதையும் புகாரில் சேர்த்து அழித்துவிடலாம் என்று ஒரு தரகர் வந்தார். நடந்ததை எப்படித் தப்பு என்று எழுதிக் கொடுப்பது? வாசலைக் காட்டினேன்.

கடைக்கு வந்த அன்று, போகும்போது உங்கள் தம்பி இன்னொன்றும் சொன்னான். "உங்க அடையாள அட்டை காப்பியைக் குடுத்ததே அண்ணன்தான். கடன் அண்ணி பேருல ஏறியிருக்குன்னு வசூல்காரங்க அவருக்கு அப்பவே சொல்லிட்டாங்க."

நகல் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். தெரிந்தும் மறைத்து, தம்பி மனம் நோகக் கூடாது என்று என்னைக் கட்டச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. யாரோ தின்றதற்கு நான் ஏன் ஏப்பம் விட வேண்டும்? குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள்தான். இத்தனை நாள் குனிந்தது போதும்.

இதுவரை எழுதி, முடிவு தெரியட்டும் என்று தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று தெரிந்துவிட்டது.

முதலில் பிரிட்ஜ் கடனை நீக்கினார்கள், ஸ்கோர் இறங்கியது. உங்கள் தம்பி கடைக்கு வந்து, "சொன்னா கேட்டீங்களா அண்ணி?" என்று சிரித்துவிட்டுப் போனான். பிறகு பைக் கடனும் போயிற்று. இப்போது ஸ்கோர் ஏறி, வங்கி கேட்ட அளவை மயிரிழையில் தாண்டி நிற்கிறது. பிரிட்ஜை வைத்துக்கொண்டிருந்தால் வட்டி கொஞ்சம் குறைந்திருக்குமாம். பரவாயில்லை, அதையும் நானே கட்டிக்கொள்கிறேன். கடன் கிடைத்துவிட்டது, அறை நமக்குத்தான்.

பத்திரத்தில் கணவர் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். அவர் என்னிடம் பேசுவதில்லை என்றா சொல்ல முடியும்? இப்போதைக்கு என் பெயர் போதும் என்றேன்.

பைக் கடன் இனி உங்கள் தம்பி பேரில். உங்கள் சம்பளத்தில் கட்ட நினைத்தால் கட்டுங்கள், நான் தடுக்கமாட்டேன். என் நம்பரை மட்டும் இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். அது நீங்கள் கூப்பிடுவதற்காக நான் வைத்திருப்பது. இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள். கண்டிப்பாகத் திட்டுவேன். பாதியில் வைத்துவிடாமல் கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத,
உங்கள் மனைவி