பத்து நாள் பேக்

ஷார்ஜா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

யோகலட்சுமி எழுதுகிறேன். நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். இந்த வீட்டில் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறோம். அதனால் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டு ஆயிஷா சித்திகாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உன் போனுக்கு முப்பது நாள் வெளிநாட்டு ரீசார்ஜ் பேக் போடு, தீர்ந்தால் இங்கிருந்தே மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அது வேண்டாம் அம்மா. பத்து நாள் பேக் போதும். அத்தை மூன்று மாதம் வந்து இருக்கப் போகிறார்களாம். சின்ன வீடு, என் அம்மா இருக்கட்டும், உன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது. அவர் கேட்டால், உனக்குத் தறி வேலை கிடக்கிறது என்று சொல்லிவிடு.

உன் மகள்,
யோகா


சங்கரன்கோவில்
9 பிப்ரவரி 2025

என் செல்ல மகள் யோகாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வருவதற்கு முன்பே முகம்மது ஆரிப் போன் கடையில் முப்பது நாள் பேக்குக்குச் சொல்லி வைத்திருந்தேன். நேற்றுப் போய்ப் பத்து நாளாக மாற்றச் சொன்னேன்.

"மகளுக்குப் பிரசவம்னு சொன்னிய, பத்து நாளு எப்படிக்கா காணும்?" என்று கேட்டான்.

அந்த ஊர் வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சங்கரன்கோவில் வெயிலில் பிறந்து வளர்ந்தவள் சொல்லுகிற காரணமா அது? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

தறிக்கூடத்தில் என் வேலைக்கு மாடத்தியைச் சேர்த்துவிட்டேன். இருக்கட்டும், மாப்பிள்ளை கேட்டால் நீ சொன்னபடியே சொல்கிறேன். பிரசவ லேகியம் கிண்டியாகிவிட்டது. உன் அத்தை கையில் கொடுத்துவிட்டு வருகிறேன், அவர்கள் தருவார்கள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா,
முப்பிடாதி


ஷார்ஜா
7 மார்ச் 2025

அம்மா,

பேத்தி பிறந்ததைப் போனில் சொன்னேன். மற்றதைச் சொல்ல முடியவில்லை.

வலி எடுத்தபோது, அத்தை பக்கத்தில் இருக்க, உன்னைத்தான் கூப்பிட்டேன். அவர்கள் முகம் சுருங்கிப்போய் வெளியே போய் நின்றுகொண்டார்கள். அப்போதுதான் நீ ஊர் போய்ச் சேர்ந்திருந்தாய்.

இங்கே இருந்தவரை நீ அடுப்படியில்தான் படுத்தாய். அவர் திரும்புகிற டிக்கெட்டைப் பற்றி ஆரம்பித்ததுமே, வேலை கிடக்கிறது என்று நீயே முந்திக்கொண்டு சொன்னாய். உன் வேலை இப்போது மாடத்தியிடம் என்று எனக்குத் தெரியும். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விமான நிலையத்திலும் நீதான் என்னைத் தேற்றினாய். "ஏட்டி, அழாத. பத்து நாளு ஒன்கூட இருந்தேம்லா" என்றாய்.

பிள்ளையைக் கையில் வாங்கியதிலிருந்து வெட்கம் என்னைத் தின்கிறது. நீ மறுபடி வர வேண்டும் அம்மா. அவரிடம் சொல்லப் போகிறேன். சொல்லாமல் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன்.

யோகா

10 மார்ச்

அம்மா, இன்றுதான் சொன்னேன். அத்தையும் இருந்தார்கள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ புறப்படு.