மஞ்சள் பெட்டிக்கு மை வைத்த கதை

அருமை மச்சான் எத்திராஜு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படி? இங்கே தாமலில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரே அதைத் திட்டிக்கொண்டிருக்க, உன் வீட்டில் மட்டும் அதற்கு ராஜ மரியாதை. அந்தச் சேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதியை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியாதா?

நீ செய்த மஞ்சள் பெட்டி வேலை செய்கிறது மச்சான். ஆனால் அது இப்போது மஞ்சளாக இல்லை. கோபப்படாமல் முழுதையும் கேள்.

நாம் இரண்டு பேரும் மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? எல்லாரும் ராட்டினத்துக்கு ஓட, நீ ஒரு மூலையில் கண்ணாடி போட்ட பெட்டி முன்னால் நின்றுவிட்டாய். உள்ளே ஒரு தகரம், அதன்மேல் வளைந்து வளைந்து போகும் குழாய். கீழே பச்சைத் தண்ணீர் நுழைகிறது, மேலே வெந்நீராக வருகிறது. விறகு இல்லை, கரண்ட் இல்லை, வெயில் மட்டும்தான். குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டே, "காதரு, இது நம்ம சாயப் பட்டறைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுபா" என்றாய்.

உனக்கு அப்படித் தோன்றியதில் என்ன ஆச்சரியம்? பட்டு நூலின் பசையைப் போக்கவும் சாயம் ஏற்றவும் நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். சவுக்கு விறகுக்கு அலைந்து, கிடைத்த ஈர விறகை ஊதி ஊதி, நீயும் உன் வீட்டுக்காரி சரோஜாவும் இருமிய இருமல் காஞ்சிபுரத்தில் என் தகரக்கடை வரைக்கும் கேட்கும்.

ஊர் திரும்பியதும் வேலையில் இறங்கினோம். தகரத்தை வெட்டி ஈயம் வைத்துக் குழாயை ஒட்டியது நான். மரப்பெட்டி செய்து, சூடு வெளியே போகாமல் அடியில் உமி அடைத்தது நீ. எல்லாம் முடிந்து வர்ணம் பூசும்போதுதான் சண்டை வந்தது. பொருட்காட்சிக்காரர் கறுப்பு பூசச் சொன்னாரே என்றேன். நீ எகிறினாய்.

"முகூர்த்தப் பட்டுக்குச் சாயம் போடற எடம்பா இது. எங்கப்பா காலத்துலேர்ந்து இங்க கறுப்பு உள்ள வந்ததில்ல. புதுப் பானை வெச்சா மொதல்ல மஞ்சள்தான் ஏத்துவோம். இதுவும் புதுப் பானைதானே?"

"தண்ணி சுடணும் மச்சான். இதுக்கு இன்னா கல்யாணமா பண்ணப் போறோம்?"

"சூரியனும் மஞ்சள்தான் காதரு. தன் கலரைப் பார்த்தா சொந்தம் கொண்டாடிக்கினு ஓடியாருவான் பாரு."

சாயக்காரனைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு யோசனை வரும்? பளிச்சென்று மஞ்சள் பூசி, கற்பூரம் வேறு காட்டினாய். ஓடி வந்த சூரியன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. நீ என் ஈயப் பற்றைக் குறை சொன்னாய், நான் உன் மஞ்சளைக் குறை சொன்னேன். அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சைக்கிளை மிதித்துவிட்டேன். ஐப்பசி மழையில் உனக்கு வந்த காய்ச்சல் அந்த அடுத்த வாரத்தை நமக்குக் கொடுக்கவில்லை.

அழுதேன் மச்சான். அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாதிச் சண்டையில் எழுந்து போகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

நீ போனபிறகு சரோஜா தனியாகப் பட்டறையை நடத்தினாள். தை மாதம் இருமல் முற்றி, டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இனி நாள் முழுக்கப் புகையில் நின்றால் மூச்சுக்கு உத்தரவாதமில்லை என்று. ஆரணியிலிருந்து அவள் தம்பி வந்துவிட்டான். "பட்டறைய மூடிட்டு வந்துடுக்கா, எங்கூடயே இரு." அவனைக் குறை சொல்ல முடியாது, பாசத்தில்தான் சொன்னான். ஆனால் பட்டறை மூடினால் தாமல் தறிக்காரர்கள் தறியில் ஏற்றும் ஒவ்வொரு பாவுக்கும் நூலைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறவேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை அவள் என்னிடம் சொன்னாள்.

"எனக்கு இந்த வேலை புடிச்சிருக்குதுண்ணே. நூலு தண்ணிக்குள்ள கலர் குடிக்கறதைப் பார்த்துக்கினே இருக்கணும்."

பெட்டியைப் பற்றிக் கேட்டாள். கறுப்பு பூசினால் சுடும் தாயி, ஆனால் உன் வீட்டுக்காரன் ஆகாது என்றானே, என்று தயங்கினேன். பெட்டியின் மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, நீ போனதற்குப்பின் முதல்முறையாக, சிரித்தாள்.

"கொழந்தைக்குக் கன்னத்துல இன்னா வெக்கறோம்ணே? திருஷ்டிப் பொட்டு. அந்த மை கறுப்புதானே? ஆகாதுன்னா பெத்த புள்ளைக்கு வெப்போமா? இது அவரு பெத்த புள்ளைண்ணே. மை வெக்காம வுட்டுட்டாரு, அதான் கண்ணு பட்டுடிச்சு."

பெருநாளுக்கு நாங்கள் கண்ணில் இடும் சுர்மாவும் கறுப்புதானே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பெயிண்ட் வாங்கக் கிளம்பினேன். "எங்க போற? வூட்லயே இருக்குது" என்று தடுத்தாள். கரண்டியை எடுத்துப்போய் அடுப்புக்குப் பின்சுவரைச் சுண்ணாம்பு தெரியும்வரை சுரண்டினாள். வருஷக்கணக்காகப் படிந்த கரி, மச்சான். நீ ஊதியது, அவள் ஊதியது. ஆளிவிதை எண்ணெயில் அதைக் குழைத்துத் தகரம் முழுக்கப் பூசினாள். "இத்தினி நாளு இருமினது சும்மாவா போவணும்?" என்றாள். ஓரத்தில் மட்டும் உன் மஞ்சளை விட்டுவைத்தாள், புடவைக்குக் கரை விடுவதுபோல.

உச்சி வெயிலில் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். "யம்மா!" என்று அலறிக்கொண்டு கையை இழுத்தவள், முற்றத்தில் குதித்தாள் பார், அதைப் பார்க்க நீ இல்லையே. அவள் தம்பி ஓடிவந்து, அந்தத் தண்ணீரில் ஒருமுறை குளித்து, நம்பாமல் இன்னொருமுறையும் குளித்து, சில நாள் கழித்துத் தனியாகவே ஆரணிக்கு பஸ் ஏறினான்.

தளதளவென்று கொதிக்கவில்லைதான். பசை போக்க இன்னும் கொஞ்சம் விறகு வேண்டும். ஆனால் சுட்ட தண்ணீர் அடுப்பில் ஏறுவதால், புகை சுவரில் படியும் முன்னே வேலை முடிந்துவிடுகிறது. சரோஜா இருமி நான் கேட்டே நாளாகிறது. பட்டறையிலிருந்து வந்த மாம்பழ மஞ்சள் நூலைப் பார்த்துத் தறிக்காரர்கள் சொக்கிப்போகிறார்கள். மிச்ச வெந்நீர் வாளி வாளியாகப் பிரசவ விடுதிக்குப் போகிறது. ஊரில் இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு முதல் குளியல் உன் பெட்டித் தண்ணீரில்தான்.

இப்போது விடுதி நர்ஸம்மா தங்களுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்கிறார். போன வாரம் தகரமும் குழாயுமாக வந்து இறங்கினேன். சரோஜா கரண்டியோடு அடுப்புச் சுவருக்குப் போனவள், திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், கண்ணில் நீர் வழியச் சொல்கிறாள்:

"நம்ம வூட்ல கரி இல்லைண்ணே. சொவரு வெள்ளையா இருக்குது!"

கவலைப்படாதே மச்சான். காஞ்சிபுரத்தில் புகையும் அடுப்புக்கா பஞ்சம்? வீடு வீடாகச் சுரண்டிக் கொண்டுவருவேன். போகிக்கு ஊரெல்லாம் வெள்ளையடிக்கும்போது, நான் தாமலுக்கு வந்து உன் பெட்டிக்குப் புது மை பூசுவேன், ஒவ்வொரு வருஷமும். மஞ்சள் கரையில் மட்டும் என் கை படாது. அது நீ ஜெயித்த இடம்.

சரோஜாவுக்கு அண்ணன், அதனாலேயே உனக்கு என்றைக்கும் மச்சான்,
தகரக்கடை காதர்