டார்லா உயிரோடிருக்கிறாள்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து டயல் செய்து விரல் வலிக்கிறது. பத்துப் பேரைக் கூப்பிட்டால் மூன்று பேர் எடுப்பதே பெரிது. எங்கள் கவுண்டி உணவு உதவி அலுவலகத்திலிருந்து போகும் அழைப்பில் எண் விழாது. இந்த ஆற்றங்கரை ஊர்களில் எண் தெரியாத அழைப்பு என்றால் கடன் வசூல்காரன்தான். ஆஸ்பத்திரி பில், கார் தவணை. யார் எடுப்பார்கள்? எடுக்காவிட்டால், மளிகை வாங்க அரசு தரும் உணவு அட்டையைப் புதுப்பிக்கும் நேர்காணலுக்கு வரவில்லை என்று கணக்கு. மாதக் கடைசியில் அட்டை செத்துவிடும். அவர்களாகத் திருப்பிக் கூப்பிடலாம்தான். ஆள் கிடைக்கும்வரை மணிக்கணக்கில் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மேலாளர் க்ளெண்டா சொல்வது: "நாம கூப்பிட்டோம். அவங்க எடுக்கல. நம்ம வேலை முடிஞ்சுது."

மார்ச் 5, புதன்

மாலைக் காபி நேரத்தில் நாரிஸ் டோனட்டைத் தொடவே இல்லை. பக்கத்து மேசை, புதுப் பையன், இன்னும் தோல் தடிக்கவில்லை. "ஒரு சின்னப் பொண்ணு போனை எடுத்துச்சு வெர்னா. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிச்சு. அழக்கூட இல்ல" என்றான். பேர் கேட்கக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது. தோளைத் தட்டி, "பதிவு பண்ணிட்டு வீட்டுக்குப் போ" என்றேன்.

பாவம் அந்தக் குழந்தை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

தங்கை டார்லா வீட்டில் மதியச் சாப்பாடு. பீன்ஸ், சோளரொட்டி. அவள் வயதானவர்களைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். பாதி ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அப்போதெல்லாம் போன் மூத்தவள் மேஸியிடம். ஒன்பது வயதுதான், வாய் நீளம்.

"முன்னெல்லாம் அம்மா வெளிய போயிருக்காங்கன்னு சொல்வேன் பெரியம்மா. கடன்காரனுங்க விடாம கூப்பிடுவானுங்க. இப்ப செத்துட்டாங்கன்னு சொல்லிடுறேன். புதன்கிழமை ஒருத்தன், ‘ரொம்ப வருத்தமா இருக்கும்மா’ன்னு அழுவுற மாதிரி சொல்லிப் போனை வெச்சுட்டான்!"

டார்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சின்னவன் வேட் எதற்கென்று தெரியாமலே சிரித்தான். நான் ரொட்டியைத் தட்டில் வைத்தேன். புதன்கிழமை. நாரிஸ். பதிவு பண்ணச் சொன்னது யார்? நான்.

மார்ச் 10, திங்கள்

உறவுக்காரர்களின் கோப்புகளை நாங்கள் திறக்கக் கூடாது. திறந்தால் கம்ப்யூட்டரில் பேர் விழும், வேலை போகும். க்ளெண்டாவிடம் போய் நின்றேன்.

"இறப்பு ஏறிடுச்சுன்னா மாநிலத்துக்குப் போயிடும். நம்மால இறக்க முடியாது. உன் தங்கச்சி உயிரோட இருக்கிறத நிரூபிக்கணும்."

"நேர்ல வந்து நின்னா போதாதா?"

"நின்னா போதாது. பேப்பர் வேணும்."

டார்லாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு திட்டினாள்.

மார்ச் 11

கடையில் டார்லாவின் அட்டை வேலை செய்யவில்லை. பாலையும் இறைச்சியையும் திருப்பி வைத்துவிட்டு ரொட்டியை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள். குழந்தைகள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

டார்லா எங்கள் அலுவலகக் கவுண்டருக்கு வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், தலையில் ஹெட்செட்டோடு.

லைசென்ஸ் கொடுத்தாள். அது ‘இறப்புக்கு’ முன்னால் வாங்கியதாம். சம்பளச் சீட்டும் அந்தத் தேதிக்கு முன்னால் பார்த்த வேலைக்கு. மார்ச் 5க்குப் பிறகு தேதியிட்டது ஏதாவது வேண்டுமாம். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கடைசியில் பிரிக்காத உறை ஒன்று கிடைத்தது. கடன் வசூல் கம்பெனி, மார்ச் 7, இறுதி எச்சரிக்கை. அதை வாங்கி நகலெடுத்துக்கொண்டார்கள்!

வீட்டுக்குப் போய் போன் செய்தாள். "நான் உயிரோட இருக்கேன்னு நம்புனது அந்த வசூல்காரன் ஒருத்தன்தான் அக்கா."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ அங்கதானே உக்காந்திருந்த? எந்திரிச்சு வந்து இவ என் தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

"நான் சொன்னா செல்லாதுடி. சொந்தக்காரங்க சாட்சி…"

"செல்லுமான்னு நான் கேக்கல."

போனை வைத்துவிட்டாள்.

நான் ஏன் எழுந்திருக்கவில்லை? எழுந்து நிற்க விதி எதுவும் தடை சொல்லவில்லையே.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு போனேன். டார்லா வாங்கி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மாநிலம் சரிபார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகுமாம்.

நானே சமைத்தேன். மேஸி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தம்பி பக்கம் தள்ளினாள். பசிக்கவில்லையாம். ஓடியாடுகிற பிள்ளைக்குப் பசிக்காதா? பாத்திரம் துலக்கும்போது பிடித்துக் கேட்டேன்.

"நான் சொன்னதாலதானே சாப்பாடு போச்சு? நான் கொஞ்சமா தின்னா தம்பிக்கு வரும்."

"உன்னால இல்லடி. கேட்டவங்க விசாரிக்காம எழுதிட்டாங்க."

தலையாட்டினாள். நம்பவில்லை. கார்ல வந்து உக்காந்து ஓன்னு அழுதேன். என்ன வேலை பாக்குறோம் நாம? ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பட்டினி கிடக்கக் கத்துக் குடுத்துட்டு…

மார்ச் 18, செவ்வாய்

க்ளெண்டாவிடம் கேட்டேன்: முந்தின நாளே ஒரு மெசேஜ் அனுப்பினால் என்ன? நாளைக்கு நாங்கள் கூப்பிடுவோம், எடுங்கள் என்று.

"எல்லாரும் எடுத்துட்டா பேசுறதுக்கு ஆள் எங்க வெர்னா?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அப்படியானால் எடுக்காதவர்களை நம்பித்தான் எங்கள் அலுவலகம் ஓடுகிறதா?

மார்ச் 24

முந்தின நாளே மெசேஜ் அனுப்ப விடுங்கள் என்று மாநில அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன், என் பெயரைப் போட்டே. தங்கை பெயர் இல்லை, மேஸி பெயர் இல்லை. ஆனது ஆகட்டும்.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினம். பதில் இல்லை. டார்லாவும் பேசவில்லை. மேஸியின் மணிக்கட்டு எனக்கு மெலிந்து தெரிகிறது. கண்ணுக்குத்தான் அப்படிப் படுகிறதோ?

ஏப்ரல் 7, திங்கள்

மெசேஜ் அனுப்புவதை ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள் என்று மாநிலத்திலிருந்து உத்தரவு. நான் எழுதியிருந்த வாசகம்: ‘நாளை காலை கவுண்டி உணவு உதவி அலுவலகத்திலிருந்து கூப்பிடுவோம். எண் தெரியாது. கடன் வசூல் அல்ல. எடுங்கள்.’ மேலே இருப்பவர்கள் ‘கடன் வசூல் அல்ல’ என்பதை நீக்கியிருந்தார்கள். கண்ணியமாக இல்லையாம். அதுதானே உயிர்! கத்தப் போனேன். க்ளெண்டா கையைக் காட்டி நிறுத்தினாள். விசைப்பலகையை இழுத்து, நீக்கியதைத் திரும்பச் சேர்த்து, அனுப்பினாள். "கடன்காரன் போன் எனக்கும் வருது" என்றாள்.

ஏப்ரல் 9

எடுக்கிறார்கள். முதல் மணியிலேயே எடுக்கிறார்கள். சாப்பிட நேரமில்லை, குரல் கம்மிவிட்டது. மதியத்துக்கு மேல் க்ளெண்டாவே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நாரிஸ் இப்போது மறுநாளும் ஒருமுறை கூப்பிடுகிறான்.

ஆனால் டார்லா மட்டும் மாநிலக் கம்ப்யூட்டரில் இன்னும் பிணம்தான்.

ஏப்ரல் 16, புதன்

இறப்பை நீக்கிவிட்டார்கள். அட்டை வேலை செய்கிறது. விவரத்தை மேஸிதான் போனில் சொன்னாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

டார்லா விருந்துக்குக் கூப்பிடுவாளா என்று இருந்தது. கூப்பிட்டாள். பன்றித்தொடை, உருளைக்கிழங்கு மசியல், பச்சை பீன்ஸ். ஜெபம் முடிந்ததும் டார்லா யார் முகத்தையும் பார்க்காமல், "ஏசுவுக்கு மூணே நாள். எனக்கு ஆறு வாரம். அவருக்குக் கவுண்டி ஆபீஸ் கிடையாதுல்ல" என்றாள். சிரிக்கலாமா என்று தெரியாமல் உப்பை நகர்த்தி வைத்தேன். இன்னும் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். என் மேல் தப்பு, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேஸி தட்டை வழித்துத் தின்றாள். தம்பி தட்டைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னொரு துண்டு… இருக்கா? நான் எடுத்தா எல்லாருக்கும் வருமா?"

டார்லா சட்டியை அப்படியே தூக்கி அவள் முன்னால் வைத்தாள். "கேக்காதடி. எடுத்துக்க."

மேஸி எடுத்துக்கொண்டாள்.