சாட்சியில்லாத ஐந்து

இன்று விடிந்ததும் ஜன்னல் திரையை விலக்கினேன். புல்தரை வெள்ளையாகக் கிடந்தது. நம் ஊரில் தினமும் வந்து போகும் மூடுபனி இல்லை, உறைபனி. டேலியாச் செடிகளின் இலை விளிம்பெல்லாம் சீனி தூவியது போலிருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நீ ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன இரட்டை வெப்பமானியைப் பார்த்தேன். வலது பக்கக் குமிழைச் சுற்றியிருக்கும் திரி விறைத்திருந்தது. அதன் கீழேயுள்ள குப்பிக்கு நேற்று மாலையும் தண்ணீர் ஊற்றினேன். நீ போன பிறகு இந்த வேலையை நான் தவறவிட்டதில்லை.

பழக்க தோஷத்தில் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். "புல் வெள்ளையாயிருச்சு, பார்த்துக்க" என்று உனக்குச் சொல்வதற்காக. உன் இலக்கத்தில் பாதியை அழுத்திய பிறகுதான் கை நின்றது.

கணினியைக் கழற்றிப் பூட்டும் பைத்தியம் உனக்கு அறுபது வயதுக்கு மேல் பிடித்தது. முகம் பார்த்துப் பேசலாம் என்று உன் மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது ஒரு கணினி வாங்கி வைத்துவிட்டுப் போனான். சில மாதங்களில் அதன் விசிறி இரையத் தொடங்கியது. ஹட்டனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாய். கடைக்காரர் மூடியைக் கழற்றித் தூசு தட்டிப் பூட்டித் தந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாய். அடுத்த தடவை இரைந்தபோது கடைக்குப் போகவில்லை. டிக்கோயாவில், உன் சாப்பாட்டு மேசையில் வைத்து நீயே கழற்றினாய். கழற்றிய கையோடு எனக்குப் போன் எடுத்தாய்.

"உள்ளுக்கு ஒண்ணுமே இல்லடி. முக்காவாசி வெறும் எடம். ஒரு தட்டு, அதுல நாலஞ்சு சாமான், அவ்வளவுதான். நான் என்னமோ பெருசா நெனச்சுப் பயந்துகிட்டுக் கெடந்தேன்."

"கரண்ட் அடிச்சு விழுந்தா ஒம் மகனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"நிப்பாட்டிட்டுத்தான் கழட்டுனேன். எனக்கும் அதே கொன்வென்டுலதான் சயன்ஸ் படிப்பிச்சாங்க. நீ மட்டும்தான் படிச்சவளா?"

அதன்பின் உன்னைப் பிடிக்க முடியவில்லை. இணையத்தில் வீடியோக்களைப் பார்த்தாய். பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, புதிதாக ஒன்றை நீயே பூட்டினாய். எனக்கு அது இரும்புச் சாமானாகத்தான் தெரிந்தது. கணினியின் மூளையான அந்தச் சின்னச் சில்லின் வேகத்தைக் கூட்டப் போவதாக ஒருநாள் சொன்னாய். விற்கும்போது நாலு என்று ஒரு வேகம் போட்டுத்தான் விற்கிறார்களாம். எண்ணைக் கூட்டினால் இன்னும் வேகமாக ஓடுமாம். ஆனால் சூடு ஏறுமாம். சூட்டை வெளியே இழுக்க வழி இல்லாவிட்டால் படுத்துவிடுமாம்.

"நாலுங்கிறது பயந்தாங்கொள்ளிக் கணக்கு. சூட்டை மட்டும் நம்ம இழுத்துட்டம்னா அது அஞ்சுக்கே போகும்."

"மகன்கிட்ட நாலு வார்த்தை பேசுறதுக்கு இந்த வேகம் எதுக்கு உனக்கு?"

"நீ வருசா வருசம் பூக் கண்காட்சிக்கு டேலியா வளர்க்கிறியே, கொழம்பு வைக்கவா?"

பதில் கிடைக்காத இடங்களில் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். "நாற்காலியில ஒழுங்கா நிமிர்ந்து உக்காரு" என்றேன். போனில் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தாய்.

இந்த வெப்பமானி உன் வீட்டுக்காரருடையது. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர், ஓய்வுபெறும்போது தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கொழுந்து வாட்டும் மாடியில் தொங்கியது அது. ஒரு குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றதில் ஈரத் திரி சுற்றியிருக்கும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்று முழுக்க ஈரம்; கொழுந்து வாடாது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கூடக் கூடக் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் காலமான பிறகு அதை நீ அலுமாரிக்குள் வைத்திருந்தாய். கணினியைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக் குளிரூட்டத் தொடங்கியதும் அதை வெளியே எடுத்தாய். டிக்கோயாவில் பாதி நாள் ஜன்னலுக்குள் முகில் நுழையும். அந்த ஈரம் உள்ளே படிந்தால் எல்லாம் போயிற்று.

"குளிரு வேணும், ஈரம் வேணாம்" என்பாய். "அவரு கொழுந்துக்குப் பார்த்த வேலையத்தான் நான் கம்பியூட்டருக்குப் பார்க்கிறேன். இருந்திருந்தா கூட நின்னு பார்த்திருப்பாரு."

அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் கொஞ்சம் இறங்கும். எனக்கு அது விளங்கியது. என் வீட்டுக்காரரின் நடைத்தடியை நானும் வாசலில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அப்போதுதான் அந்த விதி வந்தது. வேகம் நாலரையைத் தாண்டிவிட்டது என்று ஒரு காலையில் போனில் கத்தினாய். ஒரு சோதனை நிரலை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். அது இடையில் நிற்காமல் ஓடி முடித்தால்தான் அந்த வேகம் நிலையானது என்று நீதான் முன்பு எனக்குச் சொல்லித் தந்திருந்தாய்.

"அரை மணி நேரம் ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"யாரு பார்த்தா?"

"நான்தான்."

"நீயே பரீட்சை எழுதி, நீயே திருத்தி, நீயே புள்ளி போட்டுக்கிட்டா எப்படி? ரெண்டாவது ஆள் கூட இருந்து பார்த்தாத்தான் கணக்கு. இல்லாட்டி கணக்குல வராது."

முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து, பரீட்சை மண்டபங்களில் நடந்து நடந்து வந்த குணம் அது. விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ அதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு ஆச்சரியம். கொன்வென்ட் கன்னியாஸ்திரியிடம் சொல்வது போல, "சரிங்க சிஸ்டர்," என்றாய். அதற்கடுத்த வாரமே கணினியைப் பெட்டியோடு கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு வந்து இறங்கினாய். தலவாக்கலையில் கண்டக்டர் "என்னாம்மா பொட்டியில?" என்று கேட்டதற்கு, "எம் பேரன். தூங்குறான், தட்டிப்புடாத" என்றாயாம். "அப்ப அரை டிக்கட்டு போடவா?" என்று அவன் திருப்பிக் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அதன்பிறகு புது எண் ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்கு வந்தாய். பொலிஷ் போட்ட என் மேசையில், நான் பின்னிய விரிப்பை மடித்து வைத்துவிட்டு, உன் இரும்புச் சாமானை வைத்து, என் டீவியை அதற்குத் திரையாக்கினாய். "திருகாணியால கீறல் விழுந்தா பார்த்துக்க" என்று நான் சொல்லாத தடவை இல்லை. கீறல் விழுந்ததில்லை. இன்று மேசையைத் துடைத்தபோது தேடிப் பார்த்தேன். ஒன்றாவது விழுந்திருக்கலாம்.

ஐந்து வேண்டும் என்றால் உறைபனி வேண்டும் என்று ஒரு மார்கழியில் முடிவு செய்தாய். தை மாதத்தில் தொடர்ந்து வானம் தெளிந்திருந்தால் நுவரெலியாவில் உறைபனி விழும்; டிக்கோயாவில் அந்தக் குளிர் இல்லை. வானம் பார்ப்பது என் வேலை என்று ஒப்படைத்தாய். பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, மாலையில் ஒரு துண்டு முகில் கூட இல்லாததைப் பார்த்து உனக்குச் சொன்னேன். மறுநாளே வந்தாய். முதல் காலை ஏமாற்றிவிட்டது. இரண்டாம் காலை புல்லெல்லாம் வெள்ளை.

ஹோல் ஜன்னல்கள் அத்தனையையும் திறந்தோம். நான் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையும். நீ உன் வீட்டுக்காரரின் பழைய கோட். வெப்பமானியை ஜன்னலோரம் மாட்டிப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் இருக்கு, ஈரம் இல்ல, போடலாம்" என்றாய். உன் விரல்கள் குளிரில் மடங்கவில்லை. "நீ தட்டுடி, நான் சொல்றேன்" என்று என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாய். வேகத்துக்கு எந்த எண், மின்னழுத்தத்துக்கு எந்த எண், சூடு எங்கே தெரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். என் வாழ்நாளில் எனக்கு ஒருவர் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்து நான் முகம் சுளிக்காமல் கேட்டது அன்றுதான்.

நாலு புள்ளி எட்டு. அரை மணி நேரம் ஓடியது. நாலு புள்ளி ஒன்பது. அதுவும் ஓடியது. நான் மணிக்கூட்டைப் பார்த்து, "கணக்கு" என்றேன். நீ கைதட்டினாய், கையுறையில் சத்தமே வரவில்லை. வெளியே சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் வந்துவிட்டாலும் வெயில் புல்லைத் தொடவில்லை. இன்னும் ஒரு சோதனைக்குக் குளிர் மிச்சமிருந்தது. நான் அடுத்த எண்ணைத் தட்டுவதற்குக் கையைக் கொண்டுபோனேன்.

நீ என் கையைப் பிடித்தாய். "அஞ்சு அடுத்த தைக்கு இருக்கட்டும்டி."

"ஏன்? ஓடும் போலத்தானே இருக்கு?"

"ஓடும். எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சிட்டா, வார வருசம் என்னாத்தைச் சொல்லிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வர்றது?"

"ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் வரணுமா? சும்மா வர முடியாதா?"

"சும்மா வந்தா நீ சேர்ப்பியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, ஜன்னலை மூடப் போனேன்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு எழும்பும் பிள்ளைகளை, மணி அடிக்கும்வரை உட்கார் என்று திருப்பி அனுப்பியவள் நான். வாசலில் வந்து நின்றாலே 'என்ன அலுவல்?' என்று கேட்பவள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அதை ஒழுங்கு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஹொஸ்டலில் ஒரே வரிசைக் கட்டிலில் படுத்து வளர்ந்த நீயும் அலுவலோடுதான் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். எனக்கு ஒரு சாட்சி வேலையைக் கொடுத்து, பஸ்ஸில் பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறாய். நானும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், நீ வர வேண்டும் என்பதுதான். 'வா' என்று சொல்லத் தெரியாமல் 'கணக்கில் வராது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதை உனக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

நீ புறப்பட்டபோது கணினியை மட்டும் எடுத்துக்கொண்டாய். "வெப்பமானி இங்கயே தொங்கட்டும். அடுத்த தைக்கு இங்கதானே வேணும். திரி காயாம பார்த்துக்க" என்றாய்.

ஆடி மழையில் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தாய், நாலைந்து நாளில் முடிந்துவிட்டது. உன் மகன் வந்து காரியமெல்லாம் முடித்த பிறகு, ஒரு வேன் பிடித்து இங்கே வந்தான். அதே கம்பளியில் சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஆன்டி, இதை யாருக்கும் விக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. உங்ககிட்டத்தான் குடுக்கணுமாம். இதுல ஒரு வேலை பாக்கி இருக்குன்னாங்க. என்னா வேலைன்னு எனக்குச் சொல்லல்ல."

"எனக்குத் தெரியும்," என்றேன். அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். அலுவல் முடிந்த பிறகும் அவனை நெடுநேரம் போகவிடவில்லை. அவன் கொஞ்சம் வியந்திருப்பான்.

இன்று காலை அந்த வேலையைச் செய்தேன். விரிப்பை மடித்தேன். பெட்டியை மேசையில் வைத்துக் கம்பிகளைப் பூட்டினேன். ஜன்னல்களைத் திறந்தேன்; ஒன்று இறுகிப்போயிருந்ததால் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. வெப்பமானியில் வித்தியாசம் இருந்தது. நீ காட்டிய இடத்தில் எண்ணை மாற்றினேன். மின்னழுத்தத்தையும் நீ சொன்ன அளவுக்குக் கூட்டினேன். சோதனையை ஓடவிட்டு, உன் கதிரையை எப்போதும் போல எனக்கு இடது பக்கம் இழுத்துப் போட்டேன்.

ஓடியது. சூடு ஏறி ஏறி, விளிம்பு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. விசிறிகளின் இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் நான் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. திரையில் ஐந்து நிலையாக நின்றது. நாலு பயந்தாங்கொள்ளிக் கணக்குத்தான். நீ சொன்னது அத்தனையும் சரி.

"கணக்கு" என்று சொல்ல வாயெடுத்து, பக்கத்திலிருந்த கதிரையைப் பார்த்தேன்.

எழுதியது நான். திருத்துவதும் நானாக இருக்க முடியாது. யார் பார்த்தா என்று கேட்டால் சாட்சிக்கு ஆளில்லை. ஆகவே கணக்கில் வரவில்லை. நீ நாலு புள்ளி ஒன்பதில் நிற்கிறாய். ஐந்து பாக்கியாகவே இருக்கிறது. இந்த விதியை மாற்ற எனக்கு மனமில்லை. அது ஒன்றுதான் உன்னை இங்கே வரவழைத்தது.

கணினியை நிறுத்தினேன். ஜன்னல்களை மூடினேன். வெயில் வந்து, புல்லில் வெள்ளை கரைந்துகொண்டிருக்கிறது. குப்பிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றித் திரியைச் சரிசெய்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். பல் கிடுகிடுக்கிறது, ஒரு பிளேன்டீ குடித்தால் நன்றாயிருக்கும். அடுப்படி பக்கத்தில்தான். ஆனால் அன்று காலை நான் கேத்தலைத் தூக்கியபோது நீ பதறிக்கொண்டு ஓடிவந்தாயே: "இரு, இரு! சாமான் ஐஸ் மாதிரி இருக்கு. ஆவி போய் அதுல குந்திக்கிரும். தொட்டுப் பார்த்து, குளிரு எறங்குன பொறகு வையி."

இப்போதுதான் எழுந்து போய், நீ செய்வது போலப் பெட்டியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது. கேத்தல் வைக்கவில்லை.