கண்காட்சியில் அப்பாவின் படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நேரத்துக்குச் சாப்பிடு. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, தலைகால் புரியாமல் ஆடுகிறான்.

'மனிதரும் இயற்கையும்' என்று நீங்கள் பத்துப் பேர் எடுத்த படங்கள் நம் ஊருக்கு வந்திருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றாயே, சனிக்கிழமை போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். பழைய பேருந்துக்குள் கொடி படர்ந்திருந்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. கடைசிச் சுவரில் நீ எடுத்த படத்தில் ஆளுயரத்துக்கு அப்பா நிற்கிறார், கையில் ரம்பம், காலடியில் விழுந்த மரம். கீழே 'கொன்ற கை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தோழியிடம், "மூஞ்சியப் பாரு, கொஞ்சமாவது வருத்தம் இருக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன், அப்பா என் கையைப் பிடித்து, "விடு, படம் நல்லா வந்திருக்கு, பட்டையெல்லாம் எப்படித் தெரியுது பாரு" என்றார். இரண்டு நாளாகத் தட்டில் கை வைத்ததும் எழுந்துவிடுகிறார்.

கோபித்துக்கொள்ளாதே, உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்த மரம் உள்ளே உளுத்துப்போய்ப் பள்ளிக்கூடக் கூரைமேல் சாய்ந்திருந்தது. உடனே வெட்டச் சொல்லி அப்பா வேலை பார்க்கும் நகராட்சி அலுவலகத்தில் உத்தரவு. மேலே கூட்டில் குஞ்சுகள் இருந்ததால், பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி, மரத்துக்கு முட்டுக்கொடுத்து, அப்பா மூன்று வாரம் தள்ளிப்போட்டார். மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசிக் குஞ்சு பறந்த மறுநாள்தான் வெட்டினார். அன்றைக்குத்தான் விடுமுறையில் வந்திருந்த நீ கேமராவோடு போய் நின்றாய். பத்து நிமிடம் எடுத்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்கிற ஆளில்லை, எனக்கே அவரோடு ஏணி பிடிப்பவர் சொல்லித்தான் தெரியும். அப்பாவை நினைத்து நீ அப்படி எழுதியிருக்க மாட்டாய், பார்க்க வருகிறவர்களை நினைத்து எழுதியிருப்பாய். படத்தை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை, அப்பாவே அதற்குச் சம்மதிக்க மாட்டார். அந்த இரண்டு வார்த்தையை என்ன செய்வதென்று நீயே யோசி.

உன் கண்ணும் கையும் என்றைக்கும் நன்றாக இருக்கட்டும். ஞாயிறு காலையில் அப்பா வீட்டில்தான் இருப்பார். வழக்கம்போல எனக்குப் போன் செய்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்காதே. அவருக்கே செய்.

பிரியமுடன்,
அம்மா