ஒரு சாண் இடைவெளி

மச்சான்,

நேற்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். உட்காரும் இடத்தில் கடல்நீர்த் தொட்டி. அதில் இரண்டு பவளங்களை ஒட்டினாற்போல் வைத்திருந்தார்கள். "அத தள்ளி வைம்மா, ஒண்ணு செத்துடும்!" என்று அங்கிருந்த பெண்ணிடம் கத்திவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது.

குரோம்பேட்டையில் ஃபிரிட்ஜ் பழுது பார்த்துக்கொண்டே, கீழ்க்கட்டளை வீட்டு ஹாலில் பவளத் தொட்டி அமைத்து ஒரு சின்னக் கடலையே வைத்திருந்தாய். எனக்கும் ஆசை வந்து, இருவரும் கடைக்குப் போனோம். நான் கிளை கிளையாக மின்னிய பவளம் ஒன்றைக் காட்டினேன்.

"அது பேஜாரு மச்சான். வெளிச்சம் கொஞ்சம் கொறஞ்சாலும் பூடும். மொதல்ல இத வளத்துப் பாரு."

பச்சை மூளைப் பவளம் ஒன்று, குழல் குழலாய் நிற்கும் பவளம் ஒன்று. எங்காவது சதை விலகி வெள்ளை எலும்பு தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தாய். மூளையை மணலில் வை, குழலைப் பாறையின் நடுத்தட்டில் வை, நடுவே ஒரு சாணாவது விடு என்றாய்.

நான் விடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அழகு என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால், குழலின் ஒரு பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. மூளைப் பவளம் ராத்திரியில் இழை நீட்டி, தேள் மாதிரி அதைக் கொட்டியிருந்தது. நான் கூப்பிட்டதும் ஓடி வந்த நீ, பார்த்துவிட்டுக் கத்தினாய்.

"கல்லுன்னு நெனச்சிகினியா? உசுருடா அது!"

தோள் வரை கையை விட்டு அதை நீயே நகர்த்தி வைத்தாய். பிறகு கையைக்கூடத் துடைக்காமல் கிளம்பிப் போனாய். எனக்கு ரோஷம் வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீசுக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா. பஸ் ஸ்டாண்டுல வுழுந்துட்டாராம்..."

உன் மனைவியின் குரல். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உனக்கு முப்பத்தாறு வயதுதான்; முந்தின நாள்தான் என் வீட்டில் நின்று திட்டிவிட்டுப் போயிருந்தாய். போன் மறுபடி அடித்தது. பக்கத்து மேஜைக்காரர்தான் எடுத்தார்.

பதினாறாம் நாள் முடிந்து உன் மனைவி சொன்னாள்: "அன்னிக்குக் காலைல ஒங்க பவளத்தப் பத்திதாண்ணா பேசினு இருந்தாரு. 'அவன்கிட்ட ரொம்பக் கோச்சுக்கினேன், ஆனா அது பொழச்சிக்கும்'னாரு."

பிழைத்துக்கொண்டது மச்சான். ஆறேழு மாதத்தில் அந்த வெள்ளையின் மேல் சதை ஏறிவிட்டது. ஓரத்தில் புதிதாக இரண்டு குழல்கூட வந்திருக்கிறது.

முதல் போனை எடுத்தது யார் என்று உன் மனைவி இதுவரை கேட்கவில்லை. குரல் தெரிந்துதான் போனை வைத்தேன் என்று நானும் சொல்லவில்லை.