ஜெர்மன் பாய்லரின் மரை

ஓசூர், 25-1-1956, புதன்

கன்னியர் மடத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த வெந்நீர் பாய்லரைச் செம்புக் குழாயோடு சேர்க்கும் வேலை. நம் குழாய் பிட்டிங்கில் இருப்பது இஞ்ச் கணக்கில் வெட்டிய திருகு மரை, பாய்லரில் மில்லிமீட்டர் மரை என்று எனக்குத் தெரியாது. வழக்கம்போலச் சணல் சுற்றி முறுக்கினேன். இரண்டாம் சுற்றிலேயே இறுகிவிட்டது.

பஸ் ஷெட் லேத்துக்காரர் முனியப்பாவை அழைத்து வந்தேன். பாய்லர் மரைமேல் காகிதத்தை அழுத்தி, அதில் பதிந்த கோடுகளைப் பள்ளிக்கூட ஸ்கேலின் சென்டிமீட்டர் பக்கத்தில் வைத்து எண்ணினார். சாயங்காலத்துக்குள் ஒரு பித்தளை இணைப்பைக் கடைந்து வந்தார்: ஒரு முனையில் பாய்லரின் மரை, மறுமுனையில் நம்முடையது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஏன் இவ்வளவு நேரம் என்று மடத்துத் தலைவியான மதர் கேட்டார்.

"அந்த ஊரு மரை வேறங்க மதர். இவரு பதனமா நிறுத்துனதாலதான் பாய்லர் தப்பிச்சுது" என்றார் முனியப்பா.

நான் எங்கே நிறுத்தினேன்? இறுகிய பிறகும் பலம்போட்டு முறுக்கியதில் ஸ்பேனர் வழுக்கிக் கையில் அடிபட்டது, அதனால்தான் நின்றது. என் விரல்முட்டிக் காயத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னார்.